மொஹாலியில் ஒரு சில்லுத் தொழிற்சாலை

சண்டிகருக்கு வேலை மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் மாதத்திலேயே சில இடங்கள் தெரிந்துவிடும். முப்பத்தொன்றாம் செக்டர் முருகன் கோயில், இட்லி அரிசி கிடைக்கும் கடை, நம்மூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துத் தரும் ஆள். ஆனால் பக்கத்து மொஹாலியில், எழுபத்திரண்டாம் செக்டரில், மரங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வளாகத்தைப் பற்றி வருடக்கணக்கில் இங்கே இருப்பவர்களுக்கே தெரியாது. ஸ்வராஜ் டிராக்டர் தொழிற்சாலை தெரியும், கிரிக்கெட் மைதானம் தெரியும். இது தெரியாது. வெளியே இருந்து பார்த்தால் இன்னொரு மத்திய அரசு அலுவலகம் மாதிரிதான் இருக்கும்.

2025 செப்டம்பரில் அந்த வளாகம் திடீரென்று செய்திக்கு வந்தது. தில்லியில் நடந்த குறைகடத்தி மாநாட்டில் பிரதமர் கையில் 'விக்ரம்' என்ற நுண்செயலியைக் கொடுத்தார்கள். உடனே குடும்ப வாட்ஸப் குழுக்களில், "இந்தியாவின் முதல் சில்லு!" என்று ஓட ஆரம்பித்தது. உண்மையில் சொல்லப்பட்டது, விண்வெளிப் பயன்பாட்டுக்காக முழுக்க இங்கேயே செய்த முதல் 32 பிட் நுண்செயலி என்பது. நீளமான வாக்கியம் வாட்ஸப்பில் எடுபடாது, 'முதல் சில்லு' என்று சுருங்கிவிட்டது.

முதல் சில்லு என்றால், அதற்கும் நாற்பது வருடம் முன்னாலேயே இதே வளாகத்தில் சில்லு செய்தோமே, அது என்ன கணக்கு? அந்தக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவில் ஒரு கனிமம்

கதையை எங்கே தொடங்குவது? நியாயப்படி ஜகதீச சந்திர போஸிடம் தொடங்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் 'செடிகளுக்கு உயிர் உண்டு என்று காட்டியவர்' என்று மட்டும் படித்திருப்போம். அவர் அதற்கு முன்னால் ரேடியோ அலைகளில் வேலை செய்தவர். அந்த அலைகளைக் கண்டுபிடிக்க கலீனா என்ற ஈயக் கனிமப் படிகத்தைப் பயன்படுத்தினார். கலீனா ஒரு குறைகடத்தி. அதாவது தாமிரம் மாதிரி மின்சாரத்தைத் தாராளமாக விடாது, கண்ணாடி மாதிரி முழுக்க மறிக்கவும் செய்யாது. நிலைமையைப் பொறுத்து விடும், மறிக்கும். போஸ் 1901ல் விண்ணப்பித்து 1904ல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமை என்று கருதப்படுகிறது. அவருக்குக் காப்புரிமையில் பெரிய ஆர்வம் கிடையாது, நண்பர்கள் வற்புறுத்தித்தான் செய்தார் என்பார்கள். அதைத் தொடர்ந்து இங்கே ஒரு தொழில் வளரவில்லை.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. நாம் சுதந்திரம் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சூழ்நிலையிலும் நம்மாட்கள் சும்மா இருக்கவில்லை. 1953ல் ராஜஸ்தானின் பிலானியில் மின்னணுப் பொறியியலுக்கென்று மத்திய ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1954ல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. அங்கே 1962ல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 1967ல் சிலிக்கான் கருவிகளும் ஒருங்கிணைந்த சுற்றுகளும் செய்ய ஆரம்பித்தார்கள். தில்லியில் 1964ல் கான்டினென்டல் டிவைஸ் என்ற தனியார் நிறுவனமும் தொடங்கியது. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவர்களுக்கு எஸ்.எல்.100 என்ற தொப்பி போட்ட டிரான்சிஸ்டர் ஞாபகம் இருக்கும்.

ஜெர்மானியத்தில் இருந்து சிலிக்கானுக்கு உலகமே ஏன் மாறியது என்பதற்கு இரண்டு காரணம். ஜெர்மானியம் சூடு தாங்காது. இன்னொன்று, சிலிக்கானைச் சூடாக்கி ஆக்சிஜனைக் காட்டினால் அதன் மேலேயே கண்ணாடி மாதிரி ஒரு காப்புப் படலம் வளரும். தோசைக்கல்லில் எண்ணெய் பழகியது மாதிரி, தனியாக எதையும் ஒட்டவேண்டாம். அந்தப் படலத்தை வைத்துத்தான் இன்றைய சில்லுத் தொழில் முழுக்க எழுந்தது.

1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. 1963ல் ஹோமி பாபா தலைமையில் குழு போட்டார்கள். குழுவின் அறிக்கை வந்த 1966லேயே, ஜனவரியில், பாபா விமான விபத்தில் இறந்துபோனார். 1971ல் மின்னணு ஆணையம் வந்தது. 1976ல் மத்திய அமைச்சரவை மொஹாலித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் லிமிடெட் என்று பெயர்.

ஐந்து மைக்ரான்

1984ல் மொஹாலியில் உற்பத்தி ஆரம்பம். அமெரிக்கன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பம். 5 மைக்ரான் அளவு.

மைக்ரான் என்றால் மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய 80 மைக்ரான் கனம். அதில் பதினாறில் ஒரு பங்கு அகலத்துக்குக் கோடு இழுத்து, அந்தக் கோடுகளால் ஆயிரக்கணக்கான ஸ்விட்சுகளை ஒரு நகத்தளவு சிலிக்கானில் போடவேண்டும். போடும் முறை ஏறக்குறைய நம்மூர் கோல அச்சு மாதிரிதான். ஓட்டை போட்ட தகட்டின் மேல் மாவைத் தூவினால் கீழே கோலம் விழுகிறது இல்லையா? இங்கே மாவுக்குப் பதில் ஒளி. ஒளி பட்ட இடத்தில் மட்டும் வேதிப்பூச்சு மாறும், அந்த இடத்தை அமிலத்தால் அரித்து எடுப்பார்கள், பிறகு பாஸ்பரஸ், போரான் போன்றவற்றைத் துளியூண்டு உள்ளே செலுத்துவார்கள். மறுபடி பூச்சு, மறுபடி ஒளி, மறுபடி அரிப்பு. ஒரு கோலத்தின் மேல் இன்னொரு கோலம், இம்மி பிசகாமல்.

இதில் ஒரு தூசி விழுந்தால் போச்சு. அதனால் தூய அறை. ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் தூசு நூறுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஒரு தரம், இன்னும் கடுமையான தரங்களும் உண்டு. நம் வீட்டு ஹாலில் அதே கன அடியில் லட்சக்கணக்கில் இருக்கும். கோதுமை அறுவடைக்குப் பிறகு வயல் எரியும் புகையும், மே மாதப் புழுதிக்காற்றும் அடிக்கும் பஞ்சாபில் அப்படி ஓர் அறையை இருபத்திநாலு மணி நேரமும் நடத்துவது என்ன வேலை என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும் :-)

அந்த வேலையைச் செய்தார்கள். 5 மைக்ரானில் ஆரம்பித்து 3, 2 என்று குறைத்து, பின்னாளில் 0.8 மைக்ரான் வரை போனார்கள்.

தைவானின் டி.எஸ்.எம்.சி.யை இன்று எல்லோருக்கும் தெரியும். அது தொடங்கியது 1987ல், மொஹாலிக்கு மூன்று வருடம் கழித்து. ஓட்டத்தில் நாம் பின்னால் நின்றவர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மேட்டூரில் மணல்

இந்த இடத்தில் நம் ஊர் வருகிறது. பலருக்கும் தெரியாத சங்கதி.

சில்லு செய்ய சிலிக்கான் வேண்டும். சிலிக்கான் மணலில் இருக்கிறது, எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மின்னணுத் தொழிலுக்கான சிலிக்கானில் நூறு கோடி அணுக்களுக்கு ஒன்றுதான் வேற்று அணு இருக்கலாம் என்ற அளவுக்குத் தூய்மை வேண்டும். ஒரு லாரி நிறைய அரிசியில் ஒரு குருணைக் கல்கூடக் கிடைக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கடுமை. இதற்கு சிலிக்கானைக் குளோரின் வழியாக ஒரு திரவமாக மாற்றி, சாராயம் காய்ச்சுவது போலத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, பிறகு ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூடான கம்பியில் படியவைத்து மறுபடி சிலிக்கானாக எடுப்பார்கள்.

குளோரின் எங்கே கிடைக்கும்? காஸ்டிக் சோடா ஆலையில். அணையும் மின்சாரமும் இருந்ததால் மேட்டூரில் 1930களிலேயே ரசாயன ஆலை வந்துவிட்டது. 1980களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் வாசுதேவ மூர்த்தி குழுவினர் உருவாக்கிய முறையை வைத்து மேட்டூரில் மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனம் தூய சிலிக்கான் செய்தது. வெளிநாட்டு உரிமம் இல்லை, நம் ஆய்வகம், நம் ஆலை. மேட்டூர் டேம் பார்க்கப் போய் மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிய எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே காலத்தில் அமெரிக்கத் தொழில்நுட்பத்தைப் பெரும் விலைக்கு வாங்கி தேசிய சிலிக்கான் ஆலை அமைக்கலாம் என்று ஒரு திட்டமும் வந்தது. உள்ளூர் முறை இருக்க வெளியே ஏன் போகவேண்டும் என்று விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். பெரிய சர்ச்சையாகி கடைசியில் அது கைவிடப்பட்டது. ஆனால் மேட்டூர் ஆலையும் உலக அளவுக்கு வளரவில்லை. காரணம் எளிது. சிலிக்கானை வாங்க உள்ளூரில் சில்லு ஆலைகள் வேண்டும், இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. சந்தை இல்லாத ஊரில் நல்ல நெல் விளைந்தும் பயனில்லை.

1989 பிப்ரவரி

1989 பிப்ரவரியில் மொஹாலி ஆலை தீப்பிடித்தது. தூய அறை, இயந்திரங்கள், எல்லாம் போனது. சேதம் அறுபது கோடி ரூபாய் அளவில் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கால அறுபது கோடி. பஞ்சாபில் தீவிரவாதம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை, அதனால் சதி என்ற பேச்சும் எழுந்தது. விபத்து என்றவர்களும் உண்டு. விசாரணைகள் நடந்தும், எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரே விடை வரவில்லை. அதனால்தான் இன்றும் யூட்யூபில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்தக் கதைகளுக்குள் நான் போகவில்லை.

தீயைவிட, தீக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மறுபடி கட்டி முடித்து உற்பத்தி ஒழுங்காக ஓட, தொண்ணூறுகளின் பின்பாதி ஆகிவிட்டது. வேறு தொழிலில் எட்டு வருடம் என்பது தாங்கக்கூடிய தாமதம். டிராக்டர் ஆலை எட்டு வருடம் மூடிக்கிடந்து திறந்தால் அதே டிராக்டரை மறுபடி செய்யலாம். சில்லுத் தொழிலில் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு மடங்கு ஸ்விட்சுகளை அடைக்கிறார்கள். எட்டு வருடம் என்றால் நான்கு தலைமுறை.

இன்னொன்று, ஆட்கள். இந்தத் தொழிலில் பாதி அறிவு புத்தகத்தில் கிடையாது. எந்த உலை எந்த நாளில் முரண்டு பிடிக்கும், எந்த அமிலத்தொட்டியை எப்போது மாற்றவேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கம். அனுபவமான சமையல்காரருக்குப் பாகு பதம் தெரிவது மாதிரி. ஆலை நின்றால் அந்தக் கைகள் வேறு வேலைக்குப் போய்விடும். இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம், பதத்தை இறக்குமதி செய்யமுடியாது.

ஆனால் எல்லாப் பழியையும் தீயின் மேல் போடுவதும் சரியில்லை என்பது என் கருத்து. தீ பிடிக்காமல் இருந்திருந்தால் மொஹாலி இன்னொரு தைவானாக ஆகியிருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. தைவானில் அரசு பணம் போட்டது, ஆனால் டி.எஸ்.எம்.சி. முதல் நாளில் இருந்தே உலகத்துக்காக உற்பத்தி செய்தது. மொஹாலி பெரும்பாலும் உள்நாட்டுத் தேவைக்காகச் செய்தது, அந்தத் தேவையோ சிறியது. சில வருடத்துக்கு ஒருமுறை பழைய இயந்திரத்தைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்கவேண்டிய தொழிலில், ஒவ்வொன்றுக்கும் தில்லிக்குக் கோப்பு போய்வரவேண்டிய நிறுவனம் எப்படி ஓடும்? அப்புறம் 1997ல் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்குச் சுங்கவரியை நீக்கும் உலக ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. கணினி மலிவானது உண்மை. உள்ளூர் பாகத் தயாரிப்பாளர்கள் பலர் அடிபட்டதும் உண்மை.

நாம் போன வழி

இதே சமயத்தில் இன்னொரு கதவு திறந்தது. 1985ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. சில்லை இங்கே செய்யவேண்டாம், வரைபடத்தை மட்டும் போட்டு செயற்கைக்கோள் வழியாக அனுப்பினால் போதும். அதற்குத் தூய அறை வேண்டாம், நல்ல பொறியாளர்கள் போதும். பின்னாலேயே மற்ற நிறுவனங்களும் வந்தன. கோயமுத்தூர், திருச்சி, மதுரைக் கல்லூரிகளில் இருந்து ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கும், ஐதராபாத்துக்கும், நொய்டாவுக்கும் போனோம். இதைப் படிப்பவர்களில் பலருடைய வீட்டுக் கடன் அந்தக் கதவு வழியாகத்தான் அடைந்துகொண்டிருக்கிறது! உலகத்தின் சில்லு வடிவமைப்பாளர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியாவில் இருப்பதாகச் சொல்வது அந்த நாற்பது வருடத்தின் விளைவு.

நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வரைபடம் போடத் தெரிந்த ஊரில் கொத்தனார் இல்லாமல் போனார்கள்.

மொஹாலி மூடப்படவில்லை. 2006ல் அது விண்வெளித் துறையின் கீழ் ஆய்வகமாக மாறியது. கம்பெனி போய் லேபரட்டரி வந்ததால் சுருக்கப் பெயர் எஸ்.சி.எல். என்றே நீடித்தது. இஸ்ரேலின் டவர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு எட்டு அங்குல சிலிக்கான் தட்டுகளில் 180 நானோமீட்டர் அளவுக்கு வந்தார்கள். (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான். ஆக, ஆரம்பித்த 5 மைக்ரானோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இருபத்தெட்டில் ஒரு பங்கு.)

உலகம் 180 நானோமீட்டரை 1999லேயே தொட்டுவிட்டது, இது பழசு இல்லையா என்று கேட்பீர்கள். செல்போனுக்குப் பழசு, ராக்கெட்டுக்கு இல்லை. விண்வெளியில் கதிர்வீச்சு அதிகம், வெப்பம் ஏறி இறங்கும், பழுதானால் போய் மாற்றமுடியாது. அங்கே வேகத்தைவிட நம்பகம் முக்கியம். 2009ல் இருந்து இஸ்ரோ ராக்கெட்டுகளை வழிநடத்தியது 16 பிட் விக்ரம் 1601. அதன் தம்பிதான் 2025ல் மேடைக்கு வந்த 32 பிட் விக்ரம் 3201. வடிவமைப்பில் திருவனந்தபுரம், செய்முறையில் மொஹாலி.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' நுண்செயலியின் ஒரு வடிவம் 2018ல் மொஹாலியில் அச்சானது. 2025ல் அதே குடும்பத்தில் இஸ்ரோவுக்காக 'ஐரிஸ்' என்ற சில்லும் மொஹாலியில் இருந்தே வந்தது.

நானோ ஆய்வு எங்கே நடந்தது?

ஆலைகள் தேங்கியபோதும் ஆய்வு நிற்கவில்லை. 2006ல் ஐஐடி பம்பாயிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் நானோ மின்னணுவியல் மையங்கள் கூட்டாகத் தொடங்கின. 2007ல் ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நானோ திட்டம் வந்தது. 2008ல் ஆரம்பித்த ஓர் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. நாட்டின் எந்தக் கல்லூரியில் இருந்தும் மாணவர் வந்து, பம்பாயிலும் பெங்களூரிலும் உள்ள விலை உயர்ந்த இயந்திரங்களில் தன் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். சிறிய ஊர்க் கல்லூரியில் படித்தவர்கூட முதல் தடவையாகத் தூய அறைக்குள் போகமுடிந்தது.

100 நானோமீட்டருக்குக் கீழே போனால் பிரச்சினையே வேறு. நான் முன்னால் சொன்ன காப்புப் படலம் ஒரு நானோமீட்டர் சொச்சத்துக்கு மெலிந்துவிடுகிறது. ஐந்தாறு அணு அடுக்குதான். எலெக்ட்ரான்கள் சுவரேறிக் குதிக்காமல் சுவருக்குள்ளேயே புகுந்து போய்விடும். மூடிய குழாயில் தண்ணீர் ஒழுகுவது மாதிரி, ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசியும். 2007ல் இன்டெல் அந்தப் படலத்துக்கு ஹாஃப்னியம் கலந்த வேறு பொருளைக் கொண்டுவந்தது. கோடு மெலிவதைவிடப் பொருள் மாறுவதுதான் இனி வழி என்று ஆனது. அதனால்தான் இன்று மின்னணுவியலில் வேதியியல்காரர்களுக்கும் பொருளறிவியல்காரர்களுக்கும் இவ்வளவு வேலை.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஆய்வகத்தில் ஒரு நல்ல டிரான்சிஸ்டர் செய்து கட்டுரை எழுதுவது வீட்டில் பத்து இட்லி பதமாக வேகவைப்பது. ஆலையில் செய்வது கல்யாணப் பந்தி, கோடிக்கணக்கான இட்லிகளும் ஒரே பதம், ஒன்று கல்லாகிவிட்டாலும் அந்தச் சில்லு குப்பை. நம்மிடம் முதலாவது நன்றாகவே இருக்கிறது. இரண்டாவதுக்கான பள்ளிக்கூடம் மொஹாலி ஒன்றுதான் என்று நெடுங்காலம் இருந்தது.

இப்போது

2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்க்குக் குறைகடத்தித் திட்டம் அறிவித்தது. 2022ல் மொஹாலி ஆய்வகம் மின்னணு அமைச்சகத்தின் கீழ் வந்தது. 2024 மார்ச்சில் குஜராத்தின் தோலேராவில் டாடாவும் தைவானின் பி.எஸ்.எம்.சி.யும் சேர்ந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 91,000 கோடி ரூபாய்த் திட்டம். 2025 நவம்பரில் மொஹாலியை நவீனப்படுத்த 4,500 கோடி ரூபாய் என்றார்கள்.

பணம் வந்திருக்கிறது, சந்தோஷம். 1984லும் பணமும் திறமையும் இருந்தன என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாதது மூன்று: தொடர்ந்து வாங்குகிற சந்தை, அடி விழுந்தால் எட்டு மாதத்தில் எழுந்திருக்கிற அமைப்பு, கைப்பழக்கம் உள்ளவர்களை விடாமல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்த மூன்றையும் கேட்டுத்தான் புதிய ஆலைகளை எடைபோடவேண்டும், அடிக்கல் விழாப் புகைப்படத்தை வைத்து அல்ல.

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த ஊர்களில் சந்தித்தால் முதல் கேள்வியே "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்பதுதான். அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளைக்கு வேதியியலிலோ இயற்பியலிலோ நிஜமான ஆர்வம் இருந்தால், "அதெல்லாம் படிச்சு என்ன பண்ணப்போறே?" என்று கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். உலையைப் பார்த்துக்கொள்ளவும், அமிலத்தைக் கலக்கவும், அணு அடுக்கை எண்ணவும் இந்த நாட்டுக்கு ஆட்கள் வேண்டும். டிப்ளமோ படித்தவர்களும் வேண்டும், டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் வேண்டும். போன தடவை அப்படிப்பட்டவர்கள் மொஹாலியிலும் மேட்டூரிலும் இருந்தார்கள். அவர்களில் பலர் பெயர் வெளியே தெரியாமலேயே ஓய்வு பெற்றுவிட்டார்கள்.